வி.பி.என்.னில் எந்த நாட்டைப் போடுவது?

ஈப்போவில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பலர் கைப்பேசியில் வி.பி.என். வைத்திருக்கிறார்கள், அதாவது இணைய இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் செயலி. எதற்கு என்று கேட்டால் பதில் வராது. எந்த நாடு என்று கேட்டால் உடனே வரும்: அமெரிக்கா. கூட்டாளி போட்டிருக்கிறான், இவனும் போட்டுவிட்டான். அம்மாவின் சீரியலுக்காக இந்தியாவில் வைத்து, அதிலேயே பல்கலைக்கழக அசைன்மெண்டையும் அனுப்பப் பார்க்கும் பிள்ளைகளும் உண்டு.

கடை வைஃபையில் பாதுகாப்பு மட்டும் போதுமென்றால் மலேசியா. வெளிநாட்டு முகவரி தேவையென்றால் சிங்கப்பூர். வெளிநாடு என்றால் என் ஓட்டு சிங்கப்பூருக்குத்தான்.

அமெரிக்காவைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். ஈப்போவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப மட்டுமே 140 மில்லிநொடி. கேபிள் வளைந்து நெளிந்து போவதால் நடைமுறையில் இன்னும் கூடும். சிங்கப்பூரோ 500 கிலோமீட்டருக்குள். சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்து வீட்டில், சிக்னல் ஒரு கோடு காட்டும் ஜன்னலோரத்தில் கைப்பேசியை நிறுத்திவைத்துப் பாடம் கேட்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆசிரியர் கேள்வி கேட்டு முடித்த பிறகுதான் இங்கே படம் அசையும்.

வேகம் போனால் போகட்டும் என்றாலும் தொல்லை தீராது. ஒரே அமெரிக்க முகவரியை ஏராளமானோர் பகிர்வதால், ‘நீங்கள் மனிதர்தானா’ என்று இணையதளங்கள் போக்குவரத்து விளக்குப் படங்களைக் காட்டிக்கொண்டே இருக்கும். வங்கிக் கணக்கில் நுழைந்தால், காலையில் ஈப்போ, மதியம் அமெரிக்கா என்று கண்டு சந்தேகத்தில் முடக்கிவிடலாம். அமெரிக்க முகவரி இருந்தால் ஆய்விதழ்கள் திறக்கும் என்பதும் தவறு. சந்தா கட்டுவது பல்கலைக்கழகம், கம்பார் யூ.டி.ஏ.ஆர். மாணவரோ தஞ்சோங் மாலிம் உப்சி மாணவரோ, தங்கள் நூலகக் கணக்கில் நுழைந்தால்தான் கதவு திறக்கும்.

இந்தியாவைப் போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு சேமிக்க வேண்டும் என்று 2022-இல் இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ்வி.பி.என்., நார்ட்வி.பி.என். போன்றவை அங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. பட்டியலில் இந்தியா என்று இருந்தாலும் சர்வர் வேறு நாட்டில் இருக்கலாம்.

இலவசம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஃபேஸ்புக் வாங்கிய ஒனாவோ என்ற இலவச வி.பி.என்., பயனர் எந்தெந்தச் செயலியைத் திறக்கிறார் என்று கவனித்து ஃபேஸ்புக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2019-இல் அதை மூடினார்கள்.

பிள்ளைகளே, கூட்டாளியைப் பார்த்து நாட்டைப் போடும் இதே அவசரத்தைத்தான் படிப்புத் துறை எடுப்பதிலும் பார்க்கிறேன். அண்ணன் எடுத்தான், அப்பா சொன்னார் என்று எடுக்காதீர்கள். உங்களுக்கு எது வரும் என்று பொறுமையாகப் பாருங்கள், சோதித்துப் பாருங்கள். வி.பி.என்.னிலும் அப்படித்தான்: ஒவ்வொரு நாட்டையும் போட்டு, தகவல் போய்த் திரும்பும் நேரத்தைக் காட்டும் பிங் எண்ணைக் குறித்து, உங்கள் வேலைக்கு எது ஒத்துவருகிறது என்று பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.

அம்மாவுக்குச் சீரியல்தான் வேண்டுமென்றால், சன் டிவி ஆஸ்ட்ரோவிலேயே வருகிறது.