சிவந்த வால்வின் மேல் பழி போடாதீர்கள்

பூதப்பாண்டி தைத் தேர் நெருங்கினாலும் சரி, சுற்றுவட்டாரத்தில் அம்மன் கொடை தொடங்கினாலும் சரி, ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது: “ஒரு வால்வு சிவந்துட்டுன்னா அது போச்சு அண்ணாச்சி, ஜோடியா மாத்திரணும்.” பழைய வால்வு மைக் செட்டை விடாமல் வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். சர்ச்சில் கிதார் வாசிக்கும் பையன்களும் தங்கள் ஆம்ப்ளிஃபையரைப் பற்றி இதையே சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இதை நம்பிப் புது ஜோடி வாங்கிப் போட்ட எத்தனையோ செட்டுகளில், அதே பக்கத்து வால்வு மறுபடியும் சிவந்திருக்கிறது.

சிவப்பது பிளேட். இஎல்34 வால்வின் பிளேட் தாங்குவது 25 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்து 40 மில்லிஆம்பியர் ஓடினால் 18 வாட், பிரச்சினை இல்லை. அதுவே 70 மில்லிஆம்பியர் ஆனால் 31 வாட்டைத் தாண்டும், தகடு பழுக்கும். அவ்வளவு கரண்டை விடாமல் பிடித்து வைப்பது கிரிட்டில் உள்ள நெகட்டிவ் வோல்ட், அதாவது பயாஸ். அது ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் அந்தப் பக்கத்து வால்வு சிவக்கும். குறைத்தது யார் என்று பார்க்காமல் வால்வைக் குப்பையில் போடுவது என்ன நியாயம்?

முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். செட்டை அணைத்து, ஆறவிட்டு, இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஒரு நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். சிவப்பு வால்வோடு கூடவே போனால் வால்வுதான் கெட்டது. சிவப்பு பழைய சாக்கெட்டிலேயே நின்றால் வால்வுக்குச் சம்பந்தமில்லை, சர்க்யூட்டைப் பாருங்கள்.

பெரும்பாலும் அகப்படுவது கப்ளிங் கண்டன்சர். முந்தின வால்வின் பிளேட்டில் உள்ள 200 வோல்ட் கிரிட்டுக்கு வராமல் தடுப்பது அதுதான். அதில் 10 மெகா ஓம் அளவுக்குக் கசிவு இருந்தாலே போதும். கிரிட் ரெசிஸ்டர் 220 கிலோ ஓம் என்றால், மைனஸ் 38 வோல்ட் மைனஸ் 33 ஆகிவிடும். சாதாரண மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்துவிட்டு “கண்டன்சர் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிடுகிறார்கள். ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் மீட்டருக்கு, 200 வோல்ட்டில் மட்டும் கசியும் கசிவு எப்படித் தெரியும்? ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் இரண்டு முறை நனைக்கிற மாவட்டம் இது. பழைய காகிதக் கண்டன்சர் ஈரத்தை உறிஞ்சாமல் இருக்காது.

ஆகவே பவர் வால்வு இரண்டையும் கழற்றிவிட்டு, மற்ற வால்வுகளை அப்படியே விட்டு, செட்டை ஆன் செய்து இரண்டு சாக்கெட்டிலும் 5-ஆம் பின்னின் வோல்ட்டைப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் கண்டன்சரை மாற்றுங்கள், கிரிட் ரெசிஸ்டரையும் அளந்து பாருங்கள். வால்வே இல்லாத சாக்கெட்டில் வரும் வித்தியாசத்துக்கு வால்வைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டும் சரியாக இருந்தும் ஒரு பக்கம் சிவக்கிறதென்றால் சாக்கெட் பிடிப்பு தளர்ந்திருக்கும். பயாஸ் வால்வு வரை போய்ச் சேரவில்லை. முள் மீட்டரை இதற்கு நம்பாதீர்கள். அதுவே கிரிட்டை இழுத்துக் குறைத்துக் காட்டும். டிஜிட்டல் மீட்டர் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அணைத்த பிறகும் பில்டர் கண்டன்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். பழகாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

மற்ற பேச்சுகளும் உண்டு. கண்ணாடியின் உட்பக்கம் நீலமாக மினுங்கினால் வால்வு கெட்டதாம். இல்லை, அது கெடுதல் செய்யாது. உள்ளே தகடுகளுக்கு நடுவில் ஊதாப் புகைபோல் தெரிந்தால்தான் வாயு சேர்ந்திருக்கிறது. மேலே வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்தால் காற்றே புகுந்துவிட்டது. ஹம் வந்தால் எர்த்தைத்தான் பார்க்க வேண்டுமாம். புஷ்புல்லில் இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் சப்ளையின் ஹம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பயாஸ் கோணினால் அந்த ஹம் வெளியே வரும். எர்த் வயரை எத்தனை தடவை மாற்றினாலும் போகாது. கத்தோடு ரெசிஸ்டர் வைத்த செட் தானே சமப்படுத்திக்கொள்ளும் என்பதும் பாதிதான் சரி. இரண்டு வால்வுக்கும் ஒரே ரெசிஸ்டர் என்றால், அது கூட்டுத்தொகையை மட்டுமே கட்டுப்படுத்தும். 6எல்6 இருந்த இடத்தில் இஎல்34 போடலாம் என்பவர்கள், 1-ஆம் பின்னையும் 8-ஆம் பின்னையும் இணைத்தார்களா, ஒவ்வொரு வால்வின் ஹீட்டருக்கும் 1.5 ஆம்பியர் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கொடுக்குமா என்று பார்த்தார்களா? 6எல்6ஜிசி-க்கு 0.9 ஆம்பியரே போதும்.

நான் விடாமல் சொல்லிவருவது ஒன்று உண்டு. ஒவ்வொரு பவர் வால்வின் கத்தோடிலும் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, அதிலிருந்து ஒரு முனையைச் சேஸிஸின் பின்பக்கம் கொண்டுவந்துவிடுங்கள். அங்கே ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மில்லிஆம்பியர், மூடியைத் திறக்காமலே தெரியும். சில ரூபாய் வேலை. செட்டைப் பழுது பார்க்கக் கொடுக்கிற கோயில் கமிட்டிக்காரர்களும் கிதார்காரர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு அளவையும் பிளேட் வோல்ட்டையும் தேதியோடு மூடியின் உட்பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிற மெக்கானிக்கிடம் செட்டைக் கொடுக்காதீர்கள்.