ஆயில் எஞ்சினின் வால்வு மூடியில் ஓயாத எண்ணெய்க் கசிவு

சேலம், நாமக்கல் சமவெளிகளிலுள்ள கிணறுகளிற் பெரும்பாலானவை பாறையை வெடிவைத்துத் தோண்டப்பட்டவை. கோடையில் அவற்றின் நீர்மட்டம் வெகு ஆழத்திற்கு இறங்கிவிடும். பம்பு நடைமுறையில் சுமார் 7 மீட்டருக்குமேல் நீரை உறிஞ்சமாட்டாதாகையால், எஞ்சினையே கிணற்றினுள் பாறைத் திட்டில் இறக்கிவைத்து ஓட்டும் வழக்கம் ஏற்பட்டது. மின்சார மோட்டார்கள் பரவியபின் அத்தகைய எஞ்சின்கள் குறைந்துவிட்டன. எனினும் மின்வசதி எட்டாத கிணறுகளிலும், டிராக்டர், பவர் டில்லர் முதலியவற்றிலும் டீசல் எஞ்சினே உழைத்து வருகிறது. அதன் உச்சியிலுள்ள வால்வு மூடியின் ஓரத்தில் எண்ணெய் கசிவதும், பேக்கிங் மாற்றிய சில வாரங்களுக்குள் மீண்டும் கசிவதும் குடியானவர்களுக்குப் பெருந் தொல்லையாகும்.

இதனை அற்பமென்று விடுதல் தகாது. வழியும் எண்ணெய் பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும்; சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பற்றவுங்கூடும்; கிணற்றினுள் இருக்கும் எஞ்சினாயின் நீரையும் கெடுக்கும். எண்ணெய் மட்டம் இறங்கியதை அறியாது ஓட்டி, பேரிங் பிடித்துக்கொண்டால், மரவள்ளிக்கும் கரும்புக்கும் தண்ணீர் வேண்டிய சமயத்தில் எஞ்சின் பட்டறையில் கிடக்க நேரிடும்.

முதலாவது, கசிவு எங்கே உண்டாகிறதென்று நிச்சயித்தல் வேண்டும். எண்ணெய் கீழ்நோக்கி வழிவதாலும், விசிறிக் காற்று அதனைப் பின்னே தள்ளுவதாலும், ஈரம் காணும் இடமே கசியும் இடமென்று கொள்ளலாகாது. எஞ்சின் ஆறியபின் மண்ணெண்ணெயாற் கழுவித் துடைத்து உலர்த்தி, மூடியைச் சுற்றிச் சுண்ணக்கட்டித் தூளை மெல்லத் தூவுக. காற்று வடிகட்டியின் வாயில் தூள் புகாதிருத்தல் அவசியம். கால்மணி நேரம் ஓட்டிப் பார்த்தால், எல்லாவற்றிற்கும் மேலாக முதலில் நனைந்த இடமே கசிவின் ஊற்று.

புதுப் பேக்கிங்கும் திரும்பத் திரும்பக் கசியுமாயின், உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தையே முதலிற் சந்தேகிக்க வேண்டும். எஞ்சினின் அடித்தொட்டியிற் சேரும் ஆவி வெளியேறுவதற்கு மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. இப்பகுதிச் செம்மண் புழுதி எண்ணெயோடு குழைந்து அதனை அடைத்துவிடுகிறது. அப்போது ஆவி வேறு வழியின்றிப் பேக்கிங்கின் ஓரமாக எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளிவரும். குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயிற் கழுவினாலே பல எஞ்சின்களில் கசிவு நின்றுவிடும். இதற்குக் காசு செலவில்லை. கழுவியும் நில்லாவிடில், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து பார்க்க. இலேசான ஆவி இயல்பே. நீலப்புகை விசையுடன் குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்குகளோ சிலிண்டரோ தேய்ந்துவிட்டன என்பது பொருள். அந்நிலையில் எப்பேர்ப்பட்ட பேக்கிங்கும் நிற்காது. மெக்கானிக்கைக் குறைகூறுவதிலும் பயனில்லை. அளவுகோலின் மேற்குறிக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் கேடே. ஊற்றாமலே மட்டம் உயர்ந்து டீசல் வாடையும் அடித்தால், டீசல் உள்ளே கலக்கிறதென்று அறிந்து உடனே நிறுத்துக.

அடுத்தது மூடியின் கோணல். கசிவைக் கண்டதும் ஸ்பானரை எடுத்து இன்னும் ஒரு சுற்று முறுக்குதல் வழக்கமாகிவிட்டது. தகட்டு மூடியாயின் போல்ட் துளையைச் சுற்றிய பாகம் அமுங்க, நடுப்பாகம் தூக்கிக்கொள்ளும். கார்க் பேக்கிங்கும் நசுங்கிப் பிளக்கும். மூடியைக் கண்ணாடிப் பலகையின்மேற் கவிழ்த்து வைத்தால் இடைவெளி புலப்படும். அமுங்கிய இடத்தை மரக்கட்டையின்மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டிச் சமன் செய்யலாம். வார்ப்பு அலுமினிய மூடியைத் தட்டலாகாது, விண்டுபோகும்.

பேக்கிங் இடும்போது பழைய துணுக்குகளைச் சுரண்டி நீக்கி, இரு முகங்களையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்தல் வேண்டும். உலர்ந்து சுருங்கிய கார்க்கைச் சற்றுநேரம் தண்ணீரில் ஊறவைத்தால் பழைய நீளத்திற்கு வரும். ஒட்டும் பசையை மூடியின் பக்கத்தில் மட்டும் மெல்லிதாகத் தடவுக. மிகுதியாயின் உள்ளே உதிர்ந்து எண்ணெய் வழியை அடைக்கும். மரைகளை முதலில் விரலால் முடுக்கி, பின் நடுவிலிருந்து இருபுறமும் மாறிமாறிச் சிறிது சிறிதாக, எஞ்சினுக்குரிய கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்கே இறுக்குக. வால்வு இடைவெளி சரிசெய்ய மூடியைத் திறக்கும்போதெல்லாம், நசுங்கிய பழைய கார்க்கையே திரும்ப இடுதல் கூடாது.

கூட்டுறவுச் சங்கங்களில் வாடகைக்கு விடும் டிராக்டர்களைப் பலர் ஓட்டுவதால் கசிவை எவரும் பொருட்படுத்துவதில்லை. அங்கே ஊற்றிய எண்ணெயின் அளவை ஓடிய மணிக்கணக்கோடு குறித்து வந்தால், கசிவு வெளிக்குத் தெரியுமுன்னரே அக்கணக்கில் தெரிந்துவிடும்.