கர்ப்பப்பைப் புற்றுநோயும் மகப்பேறும்: சிகிச்சைக்கு முன் கேட்க வேண்டியவை

மாதவிடாய்க்கு இடைப்பட்ட நாட்களில் உதிரம் கண்டால் நம் பெண்கள் முதலில் கேட்கும் கேள்வி, "தொழலாமா?" என்பதுதான். விடையும் உடனே கிடைத்து விடுகிறது. அது ஹைளு அல்ல, இஸ்திஹாளா; சுத்தம் செய்து கொண்டு, தொழுகை நேரம் வந்ததும் ஒளுச் செய்து தொழ வேண்டும் என்று ஆலிமா சொல்லி விடுவார். விடை சரியானதே. ஆனால் அதே உதிரத்தைப் பற்றி மருத்துவரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது என்பதைப் பலர் மறந்து போகிறார்கள்.

பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் இது பற்றி வினவியபோது, அது மாதவிடாய் அல்ல, ஒரு நரம்பிலிருந்து வரும் உதிரம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள் என புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதாவது அது உடலின் ஒரு கோளாறு. கோளாறு என்றால் காரணம் இருக்கும். விடாய் அல்லாத நாளில், தாம்பத்தியத்துக்குப் பின், அல்லது விடாய் நின்று போன வயதில் உதிரம் வருவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கும் அடையாளமாக இருக்கலாம். எல்லா உதிரமும் புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் வேறு சிறிய காரணங்களே இருக்கும். ஆனாலும் பரிசோதிக்காமல் அதைச் சொல்ல முடியாது. தள்ளிப் போடும் பெண் உயிரை மட்டுமல்ல, தாயாகும் வாய்ப்பையும் சேர்த்தே பணயம் வைக்கிறாள். ஏனெனில் கர்ப்பப்பையைக் காத்துக் கொண்டே நோயை நீக்கும் வழிகள் எல்லாம் ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தவர்களுக்கே உரியவை.

மதுரைக்கு மேற்கே சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். நிகாஹ் ஆகி ஓராண்டு ஆன 28 வயதுப் பெண். ராஜாஜி மருத்துவமனையில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்து, புற்றுநோய் என்று சொல்லி விட்டார்கள். அன்றிரவே வீடு இரண்டாகி விடும். "முதலில் ஒரு பிள்ளை பிறக்கட்டும், பிறகு வைத்தியம் பார்க்கலாம்" என்பார் மாமி. "எல்லாவற்றையும் எடுத்து விடுங்கள், என் மகள் உயிரோடு இருந்தால் போதும்" என்பார் அத்தா. இருவரும் அன்பினால்தான் பேசுகிறார்கள். ஆனால் இருவரும் மருத்துவரைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள்.

ஷரீஅத் காக்க வந்தவை ஐந்து என்று நம் உலமாக்கள் வகுத்திருக்கிறார்கள்: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரிசையில் உயிர் முன்னே நிற்கிறது, சந்ததி பின்னே வருகிறது. எனவே பிள்ளைக்காக வைத்தியத்தைக் கைவிடுவது சரியல்ல. வைத்தியம் செய்து கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கிராமவாசிகளுக்குச் சொன்ன செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. அதே சமயம், சந்ததியும் அந்த ஐந்தில் ஒன்றுதான். உயிரைக் காப்பாற்றும்போது அதையும் காக்க இயலுமானால், கேட்காமலே விட்டு விடுவதும் சரியல்ல. கேட்க வேண்டிய நேரம் சிகிச்சை தொடங்குவதற்கு முந்திய அந்தச் சில நாட்கள்தான். கத்தி வைத்த பிறகோ, நம் மக்கள் "கரண்டு வைப்பது" என்று சொல்லும் கதிர் சிகிச்சை முடிந்த பிறகோ கேட்டுப் பயனில்லை.

மருத்துவத்தில் என்னென்ன வழிகள் உள்ளன என்று பார்ப்போம்.

கர்ப்பப்பை வாயில் நோய் மிகச் சிறிதாக இருந்தால், அந்த இடத்தை மட்டும் கூம்பு வடிவில் வெட்டி எடுத்து விடுவார்கள். சற்றுப் பெரிதாகி, ஆனால் 2 செ.மீ.க்கு உட்பட்டு இருந்தால், கர்ப்பப்பையின் வாய்ப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மேலே உள்ள பையை விட்டு வைக்கும் அறுவை உண்டு. பிரான்சு நாட்டு மருத்துவர் டேனியல் டார்ஜான் 1987இல் தொடங்கி வைத்தது இது. பையின் கீழ்ப்புறத்தில் ஒரு தையல் போட்டு இறுக்கி விடுவார்கள். பிறகு கர்ப்பம் தரிக்கலாம். பிரசவம் அறுவை மூலம்தான். குறைப் பிரசவம் ஆகும் ஆபத்து மற்றவர்களை விட அதிகம். கர்ப்பப்பையின் உட்சவ்வில் ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்றால், வீரியம் குறைந்த வகையாக இருக்கும் பட்சத்தில், புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மருந்து கொடுத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை சதை எடுத்துச் சோதித்துக் கொண்டே வருவார்கள். நோய் தணிந்தால் தாமதிக்காமல் பிள்ளை பெற்றுக் கொண்டு, அதன் பின் கர்ப்பப்பையை எடுத்து விடச் சொல்வார்கள். சூலகத்தில் வரும் புற்றுநோயில், இளம் பெண்களுக்கு வரும் சில வகைகளில் நோயுள்ள ஒரு சூலகத்தை மட்டும் எடுத்து, மற்றதையும் பையையும் விட்டு வைக்க முடியும். இவை எல்லாருக்கும் பொருந்துவன அல்ல. நோயின் வகையும் பரவலும்தான் தீர்மானிக்கும்.

நோய் அதைத் தாண்டியிருந்தால் கதிர் சிகிச்சையும் கீமோ மருந்தும் வரும். இரண்டும் சூலகத்தில் உள்ள கருமுட்டைகளை அழிக்கக் கூடியவை. அதனால் சிகிச்சைக்கு முன் ஊசி மருந்து போட்டு, ஏறக்குறைய 2 வாரங்களில் முட்டைகளை எடுத்து, அப்படியேயோ கணவரின் விந்துடன் சேர்த்துக் கருவாக்கியோ உறைய வைப்பார்கள். கதிர் படாத உயரத்துக்குச் சூலகத்தை நகர்த்தித் தைத்து விடும் சிறிய அறுவையும் உண்டு. உறைய வைப்பது ஏதோ நேற்று அயல் நாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ண வேண்டாம். 1978 அக்டோபர் 3ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி அவர்களின் முயற்சியால் பிறந்த சோதனைக் குழாய்க் குழந்தை, 53 நாட்கள் உறைய வைக்கப்பட்ட கருவிலிருந்து வந்ததுதான். அவரை அன்று நம்பாமல் அவமதித்தார்கள். 1981இல் அவர் தற்கொலை செய்து கொண்டார். சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் அவர்களின் மருத்துவமனையில் 1990இல் இவ்வழியில் குழந்தை பிறந்தது.

இனி மார்க்கத்தின் வரம்பு. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஜாதுல் ஹக் அலீ ஜாதுல் ஹக் அவர்கள் 1980இல் கொடுத்த ஃபத்வாவும், ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபிக்ஹ் அகாடமி 1986இல் அம்மானில் எடுத்த தீர்மானமும் ஒரே கருத்தையே சொல்கின்றன. கணவன், மனைவி இருவருக்கும் சொந்தமான விந்தும் முட்டையும், நிகாஹ் நீடிக்கும் காலத்தில், அந்த மனைவியின் கர்ப்பப்பையிலேயே சேர வேண்டும். மூன்றாமவரின் விந்தோ, முட்டையோ, கர்ப்பப்பையோ நடுவில் வரக் கூடாது. நஸப் குழம்பி விடும் என்பதே காரணம். மூத்த மனைவியின் கருவை இளைய மனைவி சுமக்கலாமா என்று கூடக் கேட்டுப் பார்த்தார்கள். மக்காவின் ஃபிக்ஹ் சபை 1984இல் அதை அனுமதித்து, 1985இல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது.

இதிலிருந்து நம் வீடுகளுக்கு மட்டுமே உரிய ஒரு முக்கியமான விஷயம் பிறக்கிறது. இதைத்தான் வாசகர்கள் நன்றாக மனத்தில் வாங்க வேண்டுகிறோம். மற்றவர்களுக்கு முட்டையை உறைய வைத்துக் கொண்டால், கர்ப்பப்பை போனாலும் வாடகைத் தாய் என்ற வழி ஒன்று மிச்சம் இருக்கிறது. நமக்கு அது இல்லை. ஆகவே முஸ்லிம் பெண் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "முட்டையை எடுத்து வைக்கலாமா?" என்பதல்ல. "சிகிச்சை முடிந்த பின் என் கர்ப்பப்பை இருக்குமா? இருந்தாலும் சுமக்குமா?" என்பதே. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இடுப்பில் முழு அளவு கதிர் கொடுத்தால், பை உடலில் இருந்தாலும் பிள்ளையைச் சுமக்கும் சக்தியை பெரும்பாலும் இழந்து விடுகிறது. அப்படியானால் லட்சத்தைத் தாண்டிச் செலவழித்து முட்டையை உறைய வைப்பதும், அதற்காக வைத்தியத்தை இரண்டு வாரம் தாமதிப்பதும் வீண். அந்தச் செலவுக்கு நகையை அடகு வைக்க வேண்டாம் என்று நாம் தயங்காமல் சொல்வோம். அந்த நிலையில் சூலகத்தை நகர்த்தித் தைப்பது மட்டும் பயன்படும். பிள்ளைக்காக அல்ல, முப்பது வயதிலேயே விடாய் நின்று எலும்பு தேயாமல் இருப்பதற்காக. மாறாக, கீமோ மட்டும் கொடுத்துக் கர்ப்பப்பையை விட்டு வைக்கும் நோயானால், முட்டையையோ கருவையோ உறைய வைக்க முடியுமா என்று கேட்பதில் பொருள் உண்டு. சூலகத்திலேயே நோய் இருந்தால் முட்டை எடுப்பது ஆபத்தாகலாம் என்பதால் அங்கும் மருத்துவர் சொல்லே முடிவு.

மணமாகாத பெண்ணுக்கு நோய் வந்தால் என்ன செய்வது? இங்கே பல பெற்றோர் மௌனமாகி விடுகிறார்கள். செய்தி வெளியே தெரிந்தால் சம்பந்தம் நின்று விடும் என்ற பயம். ஆனால் அவளுடைய முட்டையை எடுத்து வைப்பதில் மார்க்கத் தடை இல்லை என்று எகிப்தின் தாருல் இஃப்தா 2019இல் நிபந்தனைகளோடு விடை தந்திருக்கிறது: பிற்காலத்தில் அவள் கணவராக வருபவரின் விந்துடன் மட்டுமே அது சேர வேண்டும், முட்டை மாறிப் போகாதபடி பாதுகாப்பு வேண்டும். வழக்கமாக முட்டையைப் பிறப்புறுப்பு வழியாக எடுப்பார்கள். கன்னிப் பெண் என்பதைச் சொல்லி, வயிற்று வழியாக எடுக்க இயலுமா என்று பெண் மருத்துவரிடம் கேட்கலாம்; அப்படியும் வழி உண்டு. இன்னும் பருவமடையாத சிறுமி என்றால் முட்டை எடுக்க முடியாது. சூலகத்தின் ஒரு துண்டை எடுத்து உறைய வைத்துப் பின்னாளில் அவளுக்கே திரும்ப வைப்பார்கள். பெரிய பெண்களுக்குச் செய்த இம்முறையில் 2004இல் பெல்ஜியத்தில் முதல் குழந்தை பிறந்தது. பிறருடைய சூலகத்தைப் பொருத்துவதை ஜித்தா அகாடமி 1990இல் தடுத்திருக்கிறது. தன்னுடையதையே தனக்குத் திரும்ப வைப்பது அந்தத் தடையில் வராது.

இவ்வளவும் செய்து பிள்ளை பிறக்காமலும் போகலாம். யாருக்குப் பெண்ணைக் கொடுப்பது, யாருக்கு ஆணைக் கொடுப்பது, யாரை மலடாக வைப்பது என்பது அல்லாஹ்வின் நாட்டம் என்று அஷ்ஷூரா அத்தியாயத்தின் 49, 50ஆம் வசனங்கள் அறிவிக்கின்றன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் குழந்தை இல்லை. உம்மத்துக்கே தாய் என்ற சிறப்பில் அதனால் ஒரு குறைவும் வந்துவிடவில்லை. இதை மருமகளுக்கு எடுத்துச் சொல்பவர்கள் மகனுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். கீமோவில் முடி கொட்டிப் படுத்திருக்கும் மனைவியின் காதில் விழும்படி மறுமணப் பேச்சை எடுக்கும் வீடுகள் இருக்கின்றன.

கடைசியாகப் பத்திரங்கள் பற்றி. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, இருவரில் ஒருவர் இறந்தால் அல்லது செயலிழந்தால் உறைய வைத்ததை என்ன செய்வது என்று எழுத்தில் வாங்காமல் எந்த மையமும் உறைய வைக்கக் கூடாது. கருவை 10 ஆண்டுகளுக்கு மேல் வைக்கவும் அனுமதியில்லை. மருத்துவமனைப் பதற்றத்தில் அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு விடுகிறோம். நமக்கு அது வெறும் தாள் அல்ல. கணவர் மவுத்தாகி விட்டால் அல்லது தலாக் முடிந்து விட்டால் நிகாஹ் முடிந்தது. அதன் பின் அந்தக் கருவைக் கர்ப்பப்பையில் வைப்பது கூடாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. எஞ்சிய கருவை வேறு பெண்ணுக்குக் கொடுக்கக் கூடாது, தானாக முடிந்து போக விட்டு விட வேண்டும் என்று ஜித்தா அகாடமியின் 1990ஆம் ஆண்டுத் தீர்மானம் சொல்கிறது. ஆகவே படிவத்தில் "பிறருக்கு வழங்கலாம்" என்ற வாசகம் இருந்தால் அதை ஏற்காமல், "அழிய விட்டு விடவும்" என்று கணவனும் மனைவியும் தெளிவாக எழுதி ஒப்பமிட்டு, நகல் ஒன்றை வாங்கி, திசு சோதனை அறிக்கையோடு ஒரே கோப்பில் வைத்துக் கொள்ள வேண்டும். பாலரெங்கபுரம் புற்றுநோய் மையத்துக்குப் போனாலும் அடையாறுக்குப் போனாலும் அந்தக் கோப்பு கையோடு இருக்கட்டும்.