பனியோடையில் ஒரு நீராடல்

கடலூர் மாவட்டத்தில், வடலூருக்கு அணித்தாக உள்ளது நெய்வேலி. அங்கு மண்ணுக்கடியிற் புதைந்து கிடந்த பழுப்பு நிலக்கரியை வெளிக்கொணரும் பெரும்பணியை, 1957ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிரதமர் சவகர்லால் நேரு தொடங்கி வைத்தார். அப்பணியை ஏற்ற நிறுவனம் பதிவுபெற்ற நாள் 1956 நவம்பர் 14. அது நேருவின் பிறந்த நாளும் ஆகும். பின்னும் ஒரு பொருத்தம் உண்டு. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் நேரு பயின்ற பாடங்கள் வேதியியல், நிலவியல், தாவரவியல் என்னும் மூன்றாகும். பாறையும் மண்ணும் அடுக்கடுக்காய் அமைந்த வரலாற்றை இளமையில் கற்றவரே, முதுமையில் நெய்வேலிச் சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார். ஆயினும், அதற்கு 47 ஆண்டுகளுக்கு முன்பே, ஐரோப்பாவின் வடகோடியில் ஒரு மலையோடை அவர் உயிரைக் கொள்ளை கொள்ள இருந்தது.

அது 1910ஆம் ஆண்டின் கோடைக்காலம். நேரு அப்போதுதான் பட்டம் பெற்றிருந்தார், வயது இருபது. இலண்டனில் சட்டம் பயிலத் தொடங்குமுன் கிடைத்த ஓய்வில் நார்வே நாட்டிற்கு இன்பச் செலவு மேற்கொண்டார். நார்வே மலைகள் நிறைந்த நாடு. உயர்ந்த முகடுகளில் உறைந்து கிடக்கும் பனிப்பாளங்கள் கோடையில் உருகி, ஓடைகளாய்ப் பாய்ந்து, செங்குத்தான பாறைகளிலிருந்து அருவிகளாய் வீழும். அம்மலைநாட்டில் ஒரு நாள் நேருவும் உடன் சென்றோரும் நெடுந்தொலைவு நடந்து, வியர்த்துக் களைத்து, ஒரு சிறு விடுதியை அடைந்தனர்.

வந்தவுடன் அவர்கள் வேண்டியது குளியல். நாள்தோறும் நீராடிப் பழகிய இந்தியருக்கு வேறென்ன தோன்றும்? ஆனால், அவ்விடுதியில் குளியலறையே இல்லை. வேண்டுமானால் பக்கத்து ஓடையில் உடம்பைக் கழுவிக் கொள்ளலாம் என்றனர் விடுதியினர். கையில் கொடுத்த துணிகளோ மிகச் சிறியவை. அவை உண்ணும் மேசையில் வைக்கும் துணிகளோ, முகம் துடைக்கும் துண்டுகளோ என்பதைப் பிற்காலத்தில் நேருவாலேயே உறுதியாகச் சொல்ல இயலவில்லை! அவற்றை ஏந்திக்கொண்டு நேருவும் ஆங்கிலேய இளைஞர் ஒருவரும் ஓடைக்குச் சென்றனர்.

ஓடை பேரிரைச்சலோடு பாய்ந்துகொண்டிருந்தது. அருகிலிருந்த பனிப்பாளத்திலிருந்து நேரே உருகி வந்த நீர் அது. ஆழம் மிகுதியில்லை, ஆழமின்மையே ஏமாற்றியது எனலாம். நேரு நீரில் இறங்கினார். அடியிலிருந்த கற்கள் வழுக்கின. கால் இடறி விழுந்தார். உறைபனிக்கு நிகரான நீர் உடம்பைத் திடீரெனத் தாக்கும்போது மூச்சு நம் வசத்தில் நில்லாது. கை கால்களுக்குச் செல்லும் குருதியோட்டம் சுருங்கும். தசைகள் மரத்துப் போகும். நீந்தவல்லவனும் அவ்வேளையில் செயலற்றுப் போவான். நேருவுக்கும் அந்நிலையே நேர்ந்தது. கை கால்கள் உணர்விழந்தன. மீண்டும் காலூன்ற இயலவில்லை. வெள்ளம் அவரை விரைந்து இழுத்துச் சென்றது.

உடன் வந்த இளைஞர் எப்படியோ கரையேறிவிட்டார். அதன் பின்னர் அவர் செய்த செயலே இங்குக் கருதத்தக்கது. நண்பர் அடித்துச் செல்லப்படுவதைக் கண்டு அவர் மீண்டும் நீரில் பாயவில்லை. பாய்ந்திருப்பின் அவரும் மரத்துப்போயிருப்பார். இருவரும் ஒருங்கே சென்றிருப்பர். உதவி தேடி விடுதிக்கும் ஓடவில்லை. அதற்குப் பொழுதும் இல்லை. ஓடையின் கரையோரமாகவே வெள்ளத்தோடு போட்டியிட்டு ஓடினார். முடிவில் நேருவின் காலைப் பற்றிக் கரைக்கு இழுத்துவிட்டார்.

தாங்கள் எத்தகைய இடரிலிருந்து தப்பினோம் என்பது அவர்களுக்குப் பிறகே விளங்கிற்று. அவ்விடத்திற்குச் சற்றொப்ப இருநூறு முந்நூறு கெசத்திற்கு அப்பால், அவ்வோடை மாபெரும் பாறை விளிம்பிலிருந்து தலைகுப்புற வீழ்ந்துகொண்டிருந்தது. அவ்வட்டாரத்திற்கு வருவோர் கண்டு களிக்கும் காட்சிகளுள் அவ்வருவியும் ஒன்று.

இந்நிகழ்ச்சியை நேரு தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். எவ்வித மிகைப்படுத்தலும் இன்றி, ஒரு பத்தியளவிலேயே சொல்லி முடித்துவிடுகிறார். 1936இல் வெளிவந்த அந்நூலின் பெரும்பகுதியை அவர் எழுதியது 1934 சூன் முதல் 1935 பிப்ரவரி வரை. எழுதிய இடம் சிறைக்கூடம். அவரைச் சிறையில் அடைத்திருந்தது ஆங்கில அரசு. விடுதலைப் போரில் அவர் சிறையிற் கழித்த காலத்தை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகும். அச்சிறைச் சுவர்களுக்குள் அமர்ந்து, தம் உயிரைக் காத்தவர் ஓர் ஆங்கிலேயர் என்பதை ஒளியாமல் எழுதினார் நேரு. ஓர் அரசின்மீது கொண்ட பகையை அந்நாட்டு மக்கள்மேல் ஏற்றாத உள்ளம் அது. 'இளம் ஆங்கிலேயர்' என்ற அளவிலேயே அந்நூல் அவரைக் குறிக்கின்றது. பெயர் அங்கு இல்லை.