எச்.எஸ்.கே மதிப்பெண்: 180ஐ எப்படிப் பார்ப்பது?

சிதம்பரத்தில் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி இருந்தும் இடம் கிடைக்காமல் சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் உண்டு. நோயாளிகளோடு பேச வேண்டிய பயிற்சிக்காக அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் கேட்பது, எச்.எஸ்.கே என்ற சீன மொழித் தேர்வில் நான்காம் நிலை. கேட்டல், வாசித்தல், எழுதுதல் என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 வீதம் மொத்தம் 300, தேர்ச்சிக்கு 180. பத்தாம் வகுப்பைப் போல ஒவ்வொன்றிலும் 35 எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கூட்டுத்தொகைதான் கணக்கு. ஆனால் கேட்டலில் 45 கேள்விகள், வாசித்தலில் 40, எழுதுதலில் 15 மட்டுமே. அதாவது எழுதுதலில் ஒரு கேள்வியின் எடை, கேட்டலில் உள்ளதைப்போல் சராசரியாக மூன்று மடங்கு. அந்த 15இல் 10, கலைத்துத் தந்த சொற்களை வரிசையாக்கி வாக்கியம் அமைப்பது. இலக்கணம் பிடிபட்டால் இந்த 10 கைக்கு வந்துவிடும்.

கூட்டுத்தொகை போதும் என்றால் எழுத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டில் 90 வீதம் எடுக்கலாமே என்பார்கள். எண்ணளவில் சரி. ஆனால் நான்காம் நிலையில் கேட்டல் பகுதியின் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். அதில் 90 எடுப்பதைவிட எழுத்தில் 50 எடுப்பது எளிது. சில பல்கலைக்கழகங்கள் 180க்கும் மேல் கேட்பதால், விண்ணப்பிக்குமுன் அந்த எண்ணை விசாரித்துக்கொள்ளுங்கள். சேர்க்கைக்கு மதிப்பெண் இரண்டு ஆண்டுகள்தான் செல்லும். அவசரப்பட்டு முன்கூட்டியே எழுத வேண்டாம். பேச்சுத்திறனுக்கு எச்.எஸ்.கே.கே என்ற தனித் தேர்வு உண்டு: 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி.