மைக்கில் கூப்பிட்டால் வரும் மணி

கேள்வி:

சார், நாங்கள் சோழவரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். ஐந்தாவது படிக்கும் மகளுக்கு ரொம்ப நாளாக நாய்க்குட்டி ஆசை. ஆனால் நாய் வளர்க்கக் கூடாது என்று அட்வான்ஸ் வாங்கும்போதே ஓனர் சொல்லிவிட்டார். போன லீவுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த கொழுந்தனார், அங்கே யார் வீட்டிலோ சும்மா கிடந்தது என்று ஒரு பழைய நின்டென்டோ டிஎஸ் மெஷின் கொண்டுவந்து கொடுத்தார். அதில் நாய் வளர்க்கிற கேம். பெயர் நின்டென்டாக்ஸ்.

அன்றிலிருந்து வீட்டில் 'மணி' என்று ஒரு லாப்ரடார் இருக்கிறது. ஸ்கூல் வேன் வருவதற்குள் அதற்குச் சாப்பாடு, தண்ணீர், வாரத்தில் இரண்டு நாள் குளியல். மெஷினைப் பார்த்து "மணீ, மணீ" என்று கத்துகிறாள். குலதெய்வம் கோயிலுக்குப் போன மூன்று நாளும் மெஷின் வீட்டில் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் நாய் பசியோடு அழுக்காக இருந்ததாம். அன்று ராத்திரி முழுக்க அழுகை. "தெரு நாய்க்கு ஒரு பிடி சோறு போட்டாலும் புண்ணியம், டப்பாக்குள்ள இருக்கிற நாய்க்கு என்னடி ஒப்பாரி" என்கிறார் மாமியார். எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அப்படி என்னதான் இருக்கிறது அதில்? வாங்கி வைத்துவிடலாமா? இல்லை, வீடு மாறியாவது நிஜ நாய் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சோழவரம்

பதில்:

முதல் வேலையாக மகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: மணி சாகாது. அந்த கேமில் எந்த நாயும் சாகாது. நோய் வராது, கிழடு தட்டாது, குட்டியாகவே இருக்கும். மெஷினுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. மூடி வைத்திருந்தாலும் அதன் கணக்குப்படி நாய்க்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், ரோமம் அழுக்காகும். ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டால் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுக்கூடப் போகும், ஆனால் திரும்பி வந்துவிடும். ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு குளியலில் மூன்று நாள் பாவமும் தீர்ந்தது. இது தெரியாததால்தான் உங்கள் பெண் அழுதிருக்கிறாள்.

சாகவிடாமல் வைத்தது வேண்டுமென்றே செய்த முடிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1996 நவம்பரில் பண்டாய் கம்பெனி ஜப்பானில் டமாகோச்சி என்ற முட்டை வடிவப் பொம்மையை விட்டது. மூன்று பட்டன், தம்மாத்துண்டு திரை, அதற்குள் ஒரு பிராணி. கவனிக்காவிட்டால் செத்துப்போகும், ஜப்பானியப் பதிப்பில் கல்லறையும் பக்கத்தில் ஆவியும் வரும். பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக, பல நாடுகளில் பள்ளிகள் தடை போட்டன. வீட்டில் அம்மாக்கள் பகலெல்லாம் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு அந்த வேலை வரவில்லை என்று சந்தோஷப்படுங்கள்.

நின்டென்டாக்ஸ் வந்தது 2005 ஏப்ரலில், ஜப்பானில்தான். மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியமோட்டோவின் வீட்டுக்கு ஒரு ஷெட்லாண்ட் நாய் வந்தபோது உதித்த யோசனை அது. ஜப்பானின் ஃபாமிட்சு பத்திரிகை 40-க்கு 40 மதிப்பெண் கொடுத்தது. உலகம் முழுக்க 2 கோடியே 30 லட்சத்துக்கு மேல் விற்றது. சுடுவது, ஓடுவது, ராட்சசனைக் கொல்வது என்று எதுவும் இல்லாத ஒரு கேம் இவ்வளவு விற்றதைப் பார்த்து, கேம் என்றால் என்ன என்று வரையறுத்து வைத்திருந்தவர்கள் முழித்தார்கள். இதில் ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது. தட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற போட்டிகள் உண்டு, பரிசுப் பணம் உண்டு. ஆனால் கடைசிக் கட்டம் என்று எதுவும் இல்லை.

அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டீர்கள். ஒரு நாள் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மணியை உட்காரப் பழக்குவதைப் பாருங்கள். கீழ்த்திரையில் நாய் நிற்கும். சின்னக் குச்சியால் அதன் தலையிலிருந்து கீழ்நோக்கித் தடவினால் பின்னங்காலை மடித்து உட்காரும். உட்கார்ந்ததும் ஓரத்தில் ஒரு பல்பு எரியும். பல்பைத் தொட்டுவிட்டு வார்த்தையைச் சொல்ல வேண்டும். நாய் தலையைச் சாய்த்துக் குழம்பிப் பார்க்கும். மறுபடி தடவ வேண்டும், மறுபடி சொல்ல வேண்டும். சில தடவைக்குப் பிறகு தடவாமலே, வாயால் சொன்னதுமே உட்காரும். இதில் விசேஷம், அந்த மெஷினுக்கு எந்த மொழியும் தெரியாது. சொன்ன குரலின் வடிவத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை கேட்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். அதனால் 'சிட்' என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, 'உக்காரு' போதும். பழக்கும்போது எப்படிச் சொன்னாளோ அதே மாதிரி எப்போதும் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். உங்கள் வீடு ஜி.என்.டி. ரோட்டுப் பக்கம் என்றால் லாரி ஹாரனும் மைக்கில் சேர்ந்து நாயைக் குழப்பும். அவள் அப்படிக் கத்துவதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பழக்கச் சொல்லுங்கள், கத்தல் பாதியாகக் குறையும்.

இப்போது இதை அவள் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். எழுந்திரு, பல் விளக்கு, சாப்பிடு, ஹோம்வொர்க் முடி, அப்பா நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறார் சத்தம் போடாதே. காலையிலிருந்து ராத்திரி வரை ஒரு பத்து வயதுப் பெண்ணிடம் எல்லோரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அந்த வீட்டில் அவள் சொல்லிக் கேட்கிற ஒரே ஜீவன் மணி. அதுவும் அவள் குரலுக்கென்று பழக்கப்பட்டது. மாமியார் கூப்பிட்டால் அநேகமாகத் திரும்பியும் பார்க்காது. நாய் அழகாக இருக்கிறது, அதனால் பிடிக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பெரிய தலை, பெரிய கண், உருண்டைக் கன்னம் பார்த்தால் மனம் இளகுவது மனித சுபாவம் என்று ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் கான்ராட் லோரன்ஸ் 1943-லேயே எழுதிவிட்டார். பொம்மை செய்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம் அது. கடையில் பொம்மை வாங்க அது போதும். தினம் காலையில் எழுந்து தண்ணீர் வைக்க வேண்டுமானால், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஓடிவந்து திரையை நக்குகிற ஒன்று வேண்டும்.

பெயர் வைத்து உறவாக்கிக்கொள்வது நமக்குப் புதிதும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடுபிடிச் சண்டையில் இறந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கள்வர்களோடு அது மல்லுக்கு நின்ற கதையையும் பொறித்திருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். சுமார் 1,400 வருடம் ஆகியும் அந்தப் பெயர் அழியவில்லை.

மாமியாருக்கு வருகிறேன். உயிரில்லாததற்கு உருகுவது பைத்தியக்காரத்தனம் என்றால், பெரியவர்களே முதல் குற்றவாளிகள். சோனி 1999-இல் ஐபோ என்ற ரோபோ நாயை விற்றது. 2006-இல் தயாரிப்பை நிறுத்தியது, 2014-இல் ரிப்பேர் செய்து கொடுப்பதையும் நிறுத்தியது. அடுத்த வருடம் இசுமி என்ற ஊரில் கோஃபுகுஜி புத்தர் கோயிலில், இனி எழுந்திருக்காத ஐபோக்களை வரிசையாக வைத்து, துறவி மந்திரம் ஓதிக் கருமாதி செய்தார். அவ்வளவு தூரம் ஏன்? உங்கள் கணவரின் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை படைப்பார்கள். மாமியாரும் அந்தப் பொரியைச் சாப்பிட்டிருப்பார்.

கெடுதலா என்பதற்கு என் அபிப்பிராயம்: இந்த கேம் கெடுதல் இல்லை. ஃபோனில் இலவசமாகக் கிடைக்கிற பிராணி கேம்களோடு இதை ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அவற்றில் பூனைக்குச் சோறு போட்டதும் விளம்பரம் வரும், காசு கொடுத்து நாணயம் வாங்கச் சொல்லும், விளையாடாமல் விட்டால் 'பசிக்கிறது' என்று நோட்டிபிகேஷன் அனுப்பும். உங்கள் மகள் கையில் இருப்பது இருபது வருடத்துக்கு முந்தைய சரக்கு. கார்ட்ரிட்ஜை ஒருமுறை விற்றதோடு கம்பெனியின் வியாபாரம் முடிந்தது, அவளை இழுத்து உட்கார வைத்து யாருக்கும் ஒரு பைசா லாபம் கிடையாது. அதனால்தான் கேமே பிள்ளையை எழுப்பி அனுப்புகிறது. வாக்கிங் போய் வந்ததும் நாய்க்கு ஓய்வு வேண்டும், உடனே மறுபடி கூட்டிப் போக முடியாது. வித்தை சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் சலித்துக்கொள்ளும். போட்டிக்கும் ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று அளவு உண்டு. காலையில் கால் மணி, சாயங்காலம் அரை மணி என்று வைத்தால் மணிக்கும் குறை இருக்காது, கணக்குப் பாடத்துக்கும் குறை இருக்காது. மெஷினைப் பிடுங்கி வைப்பதைத் தண்டனையாக மட்டும் ஆக்காதீர்கள். அவள் கணக்கில் அது தனக்கான தண்டனை இல்லை, மணியைப் பட்டினி போடுவது.

அப்படியானால் நிஜ நாய்? இந்த கேமை ஒழுங்காக விளையாடுகிறாள், அதனால் நாய் வளர்க்கத் தயாராகிவிட்டாள் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். வாக்கிங்கில் மணி போவதை அள்ளக்கூடச் சொல்லிக் கொடுக்கிறது கேம், அது நல்லதுதான். ஆனால் நாற்றம் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி எடுக்காது. செருப்பைக் கடிக்காது. நிஜக் குட்டி ஒரு வருடத்தில் உங்கள் இடுப்பளவுக்கு எழும்பி நிற்கும், பத்துப் பன்னிரண்டு வருடம் கூட இருக்கும். இந்தப் பெண் காலேஜ் முடிக்கும்போது அது கிழநாய். அதுவரை வாடகை வீடு எத்தனை மாறுவீர்களோ, ஒவ்வொரு ஓனரிடமும் இதே பேச்சு. எல்லாவற்றையும் விட, உங்கள் வீட்டில் நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிற மனிதர் ஒருவர் இருக்கிறார். கேஸ் வண்டிக்காரர், கொரியர்காரர் என்று ஒவ்வொருவருக்கும் குட்டி குரைக்கும். தூக்கம் கெட்டு மறுநாள் மெஷின் முன்னால் நிற்பது அவருக்கு ஆபத்து. நாய்க்காக வீடு மாறுகிற யோசனையை இப்போதைக்கு விடுங்கள். சொந்த வீடோ, பகல் ஷிப்டோ வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் லாப்ரடார்தான் வேண்டும் என்று காசைக் கொட்டாமல், தத்துக் கொடுக்கிறவர்களிடம் ஒரு நாட்டுக் குட்டி வாங்குங்கள். நம் வெயிலுக்கும் சோற்றுக்கும் அதுவே தோது. வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உங்களுக்கு எட்டுகிற தூரம்தான், தடுப்பூசிக்கு அங்கே போகலாம்.

இந்த கேமைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கவலை உண்டு, நீங்கள் அதைக் கேட்கவில்லை. மணியை எங்கே தொட்டாலும் அது கடிக்காது. காதைப் பிடித்தாலும் சரி, சாப்பிடும்போது தடவினாலும் சரி. இரண்டு மாதம் இதிலேயே பழகிய கை, ஏரிக்கரைப் பக்கம் குட்டி போட்ட தெரு நாயைப் பார்த்ததும் தானாக நீளும். தெரியாத நாயைத் தொடக் கூடாது, குட்டியோடு இருக்கும் தாயின் பக்கமே போகக் கூடாது, நாய் முறைத்தால் ஓடாமல் அசையாமல் நிற்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மாமியார் தெரு நாய்க்குப் போடும் அந்த ஒரு பிடி சோற்றை அவரே போடட்டும், பேத்தி தள்ளி நின்று பார்க்கட்டும். பல்லோ நகமோ லேசாகப் பட்டால்கூட, மஞ்சள் சுண்ணாம்பு என்று எதையும் தடவாமல், குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் ஊசி போடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். ரேபிஸ் வந்துவிட்டால் வைத்தியம் இல்லை, வராமல் தடுக்கத்தான் முடியும். ஊசியை ஒரு தவணைகூட விடாமல் போட வேண்டும். திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் கீறலை மறைப்பார்கள். அதனால் திட்ட மாட்டேன் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

மெஷினுக்கு வயதாகிவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். பின்பக்கம் பேட்டரி மூடி ஒன்று இருக்கும், அதைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் உடனே மாற்றிவிடுங்கள். ராத்திரி முழுக்கச் சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். ரிச்சி தெருவில் விசாரித்தால் மாற்று பேட்டரி கிடைக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் தேதியும் நேரமும் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு கேமைப் போடச் சொல்லுங்கள். மணியின் பசி, தாகம் எல்லாம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான்.