எண்ணெய்க் குழாயில் ரப்பர் இணைப்பு: கசியாமலும் காற்று புகாமலும் பொருத்தும் முறை

நெற்பயிர் பொதி கட்டிக் கதிர் வெளிவரும் நாட்களில் தண்ணீர் தட்டினால் பதர் மிகும் என்பதை உழவர் பெருமக்கள் நன்கு அறிவீர்கள். அந்த நாட்களில்தான் டீசல் எஞ்சின் நடு இரவில் விக்கி விக்கி நின்று விடுகிறது. உடனே பம்பையும் நாஸிலையும் குறை கூறுகிறோம். கழற்றிப் பார்த்தால் பல வேளைகளில் குற்றம் அங்கே இருப்பதில்லை. டேங்கிலிருந்து வரும் உலோகக் குழாயில் மாட்டியுள்ள ஒரு சாண் ரப்பர் குழாயில்தான் இருக்கிறது.

உழவியல் பாடம் நடத்துபவனுக்கு எஞ்சினில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சோதனைத் திடலில் பூக்கும் பருவத்தில் இருந்த பயிருக்கு இரண்டு நாள் நீர் பாய்ச்ச முடியாமல் போனபோது நானும் இதைக் கற்றுக் கொள்ள நேர்ந்தது. அன்று ரப்பர் குழாயைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியவன் நானே.

எஞ்சின் ஓடும்போது அதிர்கிறது. டேங்க் வேறு விதமாக அதிர்கிறது. இரண்டையும் ஒரே உலோகக் குழாயால் இணைத்தால் நாளடைவில் குழாய் விண்டுவிடும். அதனால்தான் இடையில் ரப்பர் வைக்கிறார்கள். டேங்கிலிருந்து பில்டர், பீடு பம்பு வரையிலும், மிகுதி டீசல் டேங்குக்குத் திரும்பும் வழியிலும் ரப்பர் இருக்கலாம். இஞ்செக்ஷன் பம்பிலிருந்து நாஸிலுக்குப் போகும் எஃகுக் குழாயில் மட்டும் எக்காரணம் கொண்டும் ரப்பர் மாட்டக் கூடாது. அங்கே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ அழுத்தம் உண்டு. அந்தக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் ஆபத்து. மயிரிழை போன்ற டீசல் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கசிவு இரு வகைப்படும். டேங்க் மேலே இருந்து டீசல் தானாக இறங்கும் பம்புசெட்டில் இணைப்பு தளர்ந்தால் சொட்டும்; கண்ணுக்குத் தெரியும். நொடிக்கு ஒரு சொட்டு, மில்லிக்கு 40 சொட்டு என்று கணக்கிட்டாலும் 10 மணி நேரத்தில் 900 மில்லி டீசல் மண்ணுக்குப் போகிறது. சூடான சைலன்சர் மேல் சொட்டினால் தீப்பற்றவும் கூடும்.

இரண்டாவது வகை வஞ்சகமானது. டிராக்டரில் பீடு பம்பு டீசலை உறிஞ்சி இழுக்கிறது. பம்புக்கு முன்னால் உள்ள இணைப்பு தளர்ந்தால் வெளியே ஒரு துளியும் சொட்டாமல், காற்று மட்டும் உள்ளே புகும். டேங்க் நிறைந்திருக்கும்போது நன்றாக ஓடும் வண்டி, டேங்கில் டீசல் குறைந்ததும் இழுவை இழந்து நின்றால், முதலில் இந்த இணைப்பைச் சந்தேகியுங்கள். டீசல் மட்டம் இறங்க இறங்கப் பம்பு அதிக வலுவுடன் உறிஞ்ச வேண்டியிருப்பதே காரணம்.

இனி ரப்பரைப் பார்ப்போம். கறுப்பாக இருப்பதெல்லாம் டீசலைத் தாங்காது. சைக்கிள் டியூப் டீசலில் ஊறி உப்பி, கூழாகிவிடும். ரேடியேட்டர் தண்ணீர்க் குழாயும் எண்ணெய்க்கு ஆகாது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் முதலில் அழகாக இருக்கும். சூட்டில் விறைத்துக் கடைசியில் வெடிக்கும். நைட்ரைல் ரப்பரால் ஆன, நடுவில் நூல் பின்னல் உள்ள எரிபொருள் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். உலோகக் குழாயின் வெளி விட்டம் 8 மில்லிமீட்டர் என்றால் ரப்பரின் உள் விட்டமும் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பெரிய குழாயை வாங்கிக் கிளிப்பை இறுக்கிச் சரிக்கட்டலாம் என்று எண்ண வேண்டாம். ரப்பர் மடிந்து, அந்த மடிப்பின் வழியே கசியும்.

உலோகக் குழாயின் முனையே இந்த வேலையில் முக்கியமானது. தொழிற்சாலையிலிருந்து வரும் குழாயின் முனையருகே சுற்றிலும் ஒரு சிறு மேடு இருக்கும். ரப்பர் அந்த மேட்டைத் தாண்டி ஏறி, அதற்கு அப்பால் கிளிப் கவ்வும்போது குழாய் நழுவ வழியில்லை. உடைந்த குழாயை ரம்பத்தால் அறுத்துவிட்டால் மேடு போய், வழவழப்பான முனைதான் மிஞ்சும். அப்போது குழாயைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் முனையில் மேடு எடுத்துக் கொள்வது நன்று. டேங்கோடு சேர்த்து வைத்துப் பற்றவைக்கவே கூடாது. இரண்டு கிளிப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். டீசல் தானாக இறங்கும் பம்புசெட்டில் அன்றையப் பாய்ச்சலை முடிக்க அது போதும். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

அறுத்த முனையின் பிசிறை அரத்தால் உள்ளும் புறமும் நீக்கி, தூளைத் துடைத்து எடுக்க வேண்டும். பிசிறு ரப்பரின் உட்புறத்தைக் கீறும்; தூள் பில்டரை அடைக்கும். துருவும் பழைய பெயிண்டும் இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

டேங்கின் குழாயை மூடி, எஞ்சின் ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பீடியும் சிம்னி விளக்கும் அருகில் வேண்டாம். ரப்பரின் முனையைக் கூரிய கத்தியால் நேராக வெட்டுங்கள். கிளிப்பை முதலிலேயே ரப்பரில் கோத்துவிட வேண்டும். இதை மறந்து இருமுறை வேலை செய்யாதவர் அரிது. உலோக முனையில் ஒரு சொட்டு டீசலைத் தடவி, ரப்பரைத் திருகியபடியே ஒரு அங்குலம் ஏற்றுங்கள். ஏற மறுத்தால் ரப்பர் முனையை வெந்நீரில் முக்கலாம். நெருப்பில் காட்டக் கூடாது.

கிளிப் மேட்டின் மேல் உட்காரக் கூடாது. மேட்டுக்கும் ரப்பரின் முனைக்கும் இடையில் அமர வேண்டும். சிறிய குழாய்க்குப் பட்டையில் வெட்டு இல்லாத, போல்ட்டு நட்டு கொண்ட கிளிப்பே சிறந்தது. வெட்டுப் பட்டை உள்ள திருகு கிளிப், சிறிய குழாயில் சரியாக வட்டமாக அமையாது. அதிகம் இறுக்கினால் ரப்பர் அந்த வெட்டுகளின் வழியே பிதுங்கி அறுபடும். திருப்புளியால் இறுக்கும்போது ரப்பர் சற்றே அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள். கட்டுக்கம்பி ஒரே கோட்டில் அறுக்கும். சணல், எம்-சீல், சோப்பு எதுவும் இந்த இணைப்புக்கு மருந்தல்ல.

ரப்பர் விறைப்பாக இழுபடாமல் சிறிது தளர்வுடன் இருக்கட்டும். சைலன்சரைத் தொடவோ, கூர்மையாக வளையவோ கூடாது. உலோகக் குழாயை எஞ்சினோடு ஒரு பிடிப்பான் கொண்டு பிணைக்காவிட்டால், அது ஆடி ஆடி இணைப்பைத் தளர்த்தும்.

பொருத்திய பின் காற்றை வெளியேற்ற வேண்டும். பில்டர் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, டேங்கின் குழாயைத் திறந்துவிட்டு, டிராக்டர் ஆனால் கைப்பம்பையும் அடித்து, குமிழி இல்லாத டீசல் வரும் வரை விட்டுப் பிறகு இறுக்குங்கள். இணைப்பை நன்றாகத் துடைத்து, உலர்ந்த காகிதம் ஒன்றைச் சுற்றி வைத்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சொட்டாத ஈரத்தையும் காகிதம் காட்டிவிடும். உறிஞ்சும் பக்கத்தில் காகிதம் பயன்படாது. அங்கே சோதனைக்காக மட்டும் சிறிது நேரம் கண்ணாடிக் குழாயை மாட்டி, குமிழி ஓடுகிறதா என்று பார்க்கலாம். புதிய ரப்பர் முதல் நாள் ஓட்டத்தில் சற்று அமுங்கும். ஆகவே மறுநாள் எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளிப்பை ஒரு முறை பார்த்து, தளர்ந்திருந்தால் மட்டும் இறுக்குங்கள்.

கார், வேன் வைத்திருப்போர்க்கு ஒரு சொல். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கு மேலே கூறிய முறை பொருந்தும். ஆனால் பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் கலந்து விற்கப்படுவதால், அதைத் தாங்கும் குழாயா என்று கேட்டு வாங்க வேண்டும். பெட்ரோல் இஞ்செக்ஷன் உள்ள புதிய வண்டிகளில் அழுத்தம் பல மடங்கு அதிகம். அவற்றில் கிளிப் வைத்து ஒட்டுப் போடாமல் பட்டறைக்கே கொண்டு செல்லுங்கள்.